நோன்பில்லாதவனின் பட்டினி

அண்ணே,

இன்றைக்கு அசர் தொழுகைக்கு முன்னால் மருந்து வாங்கப் போனேன். முக்கில் இருக்கிற சாயாக்கடையில் நோன்பு மாதத் திரை கட்டியிருக்கிறார்கள். பச்சைப் பூப்போட்ட பழைய படுக்கை விரிப்பு. உள்ளே சாயா கொதிக்கிற வாசனை தெரு வரைக்கும் வந்தது. திரை தரையிலிருந்து ஒரு சாண் தூக்கலாக நின்றதால் உள்ளே உட்கார்ந்திருந்தவர்களின் கால்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. அங்கேயே நின்றுவிட்டேன். மயக்கமா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

உனக்குக் கபர் இல்லை. உடம்பை மெடிக்கல் காலேஜுக்கு எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டாய். அத்தாவும் அம்மாவும் பள்ளிவாசல் தோட்டத்தில் கிடக்கிறார்கள். மதிலுக்கு வெளியே நின்றாவது ஒரு சலாம் சொல்லலாம். உன்னிடம் பேசவேண்டும் என்றால் நான் எங்கே போய் நிற்பது? அதனால்தான் இந்தக் கடிதம். இதெல்லாம் யார் படிப்பது என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

ஐம்பதுகளின் கடைசி அது. நீ மட்டாஞ்சேரி பஜாரில் சுக்குக் கிட்டங்கியில் எடை பார்க்கிற வேலையில் இருந்தாய். நீ வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே சுக்கு வாசனை நுழைந்துவிடும். அத்தா மௌத்தாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. கடைசி நாளில் அவர் என் கையை எடுத்து உன் கையில்தான் வைத்தார். சின்னத்தா பக்கத்திலேயே நின்றிருந்தும், தன் தம்பியை விட்டுவிட்டு உன்னைத்தான் தேடினார். எனக்கு டைபாய்டு வந்து முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோது தினமும் சிக்கெடுத்துப் பின்னிவிட்டதும் நீதான். ஆண்பிள்ளை செய்கிற வேலையா இது என்று அம்மா முனகுவாள். நீ காதில் போட்டுக்கொள்ள மாட்டாய்.

எந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நீ ஜும்மாவுக்குப் போவதை நிறுத்தினாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சண்டை போட்டு நிறுத்தியிருந்தால் நாள் தெரிந்திருக்கும். வாசகசாலையில் உனக்கு இரண்டு கூட்டாளிகள் இருந்தார்கள். ஒருவன் வைப்பினிலிருந்து படகேறி வருவான். ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டவன். இன்னொருவன் கொங்கணிக்காரன், பூணூலைக் கழற்றி ஆணியில் மாட்டியவன். உங்களுக்கென்று ஒரு சங்கமோ கொடியோ கிடையாது. ஊரிலும் உங்களை என்ன பெயர் சொல்லி அழைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. "சேட்டன் இப்போ எந்தக் கூட்டம்?" என்று பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் கேட்டாள். அம்மா ஒருநாள் அழுதுகொண்டே உன்னிடம் கேட்டாள். "எனக்கு உள்ள தோணல, அதான் போகல" என்று சொல்லிவிட்டு அவளுக்கு வெற்றிலை இடித்துக் கொடுத்தாய்.

அடுத்து நோன்பு வந்தது. அம்மா உன்னிடம் ஒன்றே ஒன்று வாங்கிக்கொண்டாள். "நோன்பு மாசத்துல பஜார்ல நின்னு தண்ணி குடிச்சேன்னு எவனும் வந்து எங்கிட்ட சொல்லக் கூடாது. எனக்கு அது போதும்." நீ அவள் கையில் அடித்துக் கொடுத்தாய். அவள் நினைத்தது என்னவோ சாதாரண ஏற்பாடுதான். ஊரில் எல்லாக் கடையிலும் திரை இருக்கிறது. நோயாளிகளும் வழிப்போக்கர்களும், நோன்பு பிடிக்க முடியாதவர்களும், பிடிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்களும் அதற்குள் போய்க் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். யாரும் யாரையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. நீயும் அப்படிப் போவாய் என்றுதான் அவள் கணக்குப் போட்டாள்.

நீ போகவில்லை. மறைத்துக் குடிக்க நான் என்ன திருடனா என்று கேட்டாய். வெளியே குடிக்கக் கூடாது, அது அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. உள்ளே குடிக்க மாட்டாய், அது உன் வீம்பு. அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவே கஞ்சி ஊற்றி வைத்தாள். கதவு சாத்தின கஞ்சி வேண்டாம் என்றாய். ஆக, மட்டாஞ்சேரியில் அல்லாவை நம்பாத ஒரே ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் படாமல் சுக்கு மூட்டைகளுக்கு நடுவில் நின்றான். விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கும் நீ எழுந்திருக்க மாட்டாய். அதனால் உன் பட்டினி எங்கள் நோன்பை விட நீளம். பொழுது சாய்ந்து மக்ரிபு பாங்கு சொன்னதும் எங்களோடு உட்கார்ந்து நோன்புக் கஞ்சியை இரண்டு கோப்பை குடிப்பாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். "சிரிக்காத, இது நோன்பு இல்ல, பசி" என்பாய்.

எனக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை ஆலுவாயில் மரக்கடைக்காரர் மகன். பெருநாள் கழிந்து இரண்டாவது வாரம் நிக்காஹ். அத்தா இல்லாத வீட்டில் பெண்ணின் அண்ணன்தான் வலியாக, பெண்ணைக் கொடுக்கிற பொறுப்பாளியாக உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் தங்கையை உனக்குக் கொடுத்தேன் என்று சொல்லவேண்டும். ஆனால் ஜும்மாவுக்கு வராதவனை வலியாக உட்கார வைக்க முடியாது என்று பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி நோன்புக்கு முன்பே சொல்லியிருந்தார். சின்னத்தா கொடுக்கட்டும் என்று ஜமாஅத்தில் முடிவாகியிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அத்தா வைத்த கையிலிருந்துதான் நான் போகவேண்டும் என்று இருந்தேன். யாரிடம் சொல்வது?

பெருநாளுக்கு மறுநாள் முத்தவல்லி சிரித்த முகமாக வீட்டுக்கு வந்தார். நீ முப்பதும் பிடித்ததைக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்களே சாட்சி சொல்லியிருக்கிறார்களாம். திரைக்குள் உன்னைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லையாம். பிள்ளை திரும்பி வந்துவிட்டான், அவனே தங்கையைக் கொடுக்கட்டும் என்றார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து ஆனந்தமாக அழுதாள். நான் சந்தோஷத்தில் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் அவருக்குக் கொடுத்த சாயாவில் உப்பைப் போட்டுவிட்டேன். மனுஷன் அதையும் குடித்துவிட்டுப் போனார்.

நீ வேலை முடிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டாய். உன் முகத்தைப் பார்த்ததுமே நீ இதை இப்படியே விடப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது.

"நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம் அண்ணே. மிண்டாம இரு, வாயத் தொறக்காத, அது போதும்" என்றேன். காலைக்கூடப் பிடித்தேன்.

"மிண்டாம இருக்கிறதும் ஒரு திரைதான்டா தங்கம்" என்றாய்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடியும்வரை பள்ளிவாசல் படியில் காத்து நின்றாயாம். எல்லாரும் வெளியே வந்ததும், நான் நோன்பு பிடிக்கவில்லை, பசித்துக் கிடந்தேன், ஞாயிற்றுக்கிழமைதோறும் படகேறி எர்ணாகுளம் போய் ஓட்டலின் முன் மேசையில் உட்கார்ந்து சாயா குடித்தேன், வாக்குக் கொடுத்தது இந்த பஜாருக்கு மட்டும்தான் என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டாய். முத்தவல்லி தலையில் கைவைத்துக்கொண்டு, "அட மடையா, இத யாருடா உங்கிட்ட கேட்டா?" என்றாராம். அவர் நல்ல மனுஷன். அவராலும் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நிக்காஹ் அன்றைக்கு நான் உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே சின்னத்தாவின் குரல் கேட்டது. என் அண்ணன் மகளை உனக்குக் கொடுத்தேன் என்றது. நீ கொல்லைப்புறத்தில் பிரியாணிச் சட்டிக்குக் கீழே தீ தள்ளிக்கொண்டிருந்தாய். ஜன்னல் வழியே உன் முதுகு தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்து நான் சபித்தேன், அண்ணே. தன் நாக்கு சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காகத் தங்கையை விட்டுக்கொடுத்தவன் என்று சபித்தேன். ஆலுவாய்க்கு நீ ரயிலேறி வந்தபோதெல்லாம் தலைவலி என்று அறைக்குள் படுத்துக்கொண்டேன். நீ என் மாமியாரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, கொண்டுவந்த அச்சப்பத்தை வைத்துவிட்டுப் போவாய். ஆறு வருஷம் அப்படிப் போயிற்று.

சின்னத்தா படுக்கையில் விழுந்தபோது மட்டாஞ்சேரிக்குப் போனேன். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு என்னை மட்டும் கட்டிலருகே உட்காரச் சொன்னார். தண்ணீர் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த நோன்பு மாசம் பூரா நான் திரைக்குள்ளதான் இருந்தேன், மோளே" என்றார். "மூணு மணிக்கு சாயா இல்லாம எனக்கு மண்டை பிளந்துரும். உன் அண்ணன் வெளிப் பெஞ்சுல உக்காந்து பேப்பர் வாசிப்பான். ஒருநாள் என் செருப்பு ஒண்ணு திரைக்கு வெளிய கிடந்திருக்கு. வார் அறுந்து சிவப்புக் கயிறு கட்டின செருப்பு, அது என்னோடதுன்னு ஊருக்கே தெரியும். ஜமாஅத்துக்காரங்க எதுக்க நடந்து வராங்க. அவன் குனிஞ்சு அத உள்ள தள்ளி வச்சான். அவ்வளவுதான், திரும்பவும் பேப்பர் வாசிச்சான்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படியில் நின்று நீ உன்னுடைய சாயாவைத்தான் சொன்னாய். உனக்குப் பதிலாக உட்காரப் போகிறவரின் சாயாவைச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் இடம் திரும்பக் கிடைத்திருக்காதுதான்; ஆனால் அவருடைய இடமும் போயிருக்கும், நிக்காஹ் பந்தல் நாறியிருக்கும். கொல்லையில் தீ தள்ளிக்கொண்டு, அவர் குரலைக் கேட்டுக்கொண்டு, நீ மிண்டாமல் இருந்திருக்கிறாய்.

அன்றைக்கே கிட்டங்கிக்கு வந்தேன். நீ தராசை விட்டுவிட்டு ஓடி வந்தாய். அழுதுகொண்டே, செருப்பு என்று மட்டும் சொன்னேன். "வெளிய கிடந்தா நாய் தூக்கிட்டுப் போவும்ல" என்றாய். பிறகு என் தலையைப் பார்த்து, எண்ணெய் வைக்கிறதே இல்லையா என்று திட்டினாய்.

போன மாதம் என் மகன் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் படிவம் எழுதினான். மதம் என்ற இடத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டான். எனக்கு எதிரே உட்கார்ந்துதான் போட்டான், மறைக்கவில்லை. மருமகள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். இந்தத் தெருவில் இப்போது அப்படிக் கோடு போடுகிற வீடு நாலைந்து இருக்கிறதாம். உங்கள் காலத்தில் வாசகசாலை முழுக்கத் தேடினாலும் மூன்று பேர். மனசு வலிக்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். எழுதினபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தொழப் போனேன். ஐந்து வேளையும் தொழுகிறேன், முப்பதும் பிடிக்கிறேன். துஆவில் உன் பெயரையும் சொல்கிறேன். உனக்கு வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்ளாதே.

இன்றைக்கு அந்தத் திரைக்கு வெளியே ஒரு செருப்பு கிடந்தது, அண்ணே. ரப்பர் செருப்பு, புதுசு. எதிரே பள்ளிவாசலுக்கு ஆட்கள் போக ஆரம்பித்திருந்தார்கள். யாருடையது என்று நான் பார்க்கவில்லை. முழங்கால் வலியோடு குனிந்து, அதை உள்ளே தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.