மாப்பிள்ளை ஊதிய விசில்

குயில்மட்டம் எஸ்டேட்
12.2.1974

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பதினோரு வருடம் கழித்து எங்கள் எஸ்டேட் கால்பந்து அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை லாரி லாரியாக ஆட்கள் குன்னூருக்கு இறங்கினார்கள். இரு பக்கமும் கோல் விழாத ஆட்டம். கடைசி நிமிடத்தில், பந்து என் கையில் பட்டது என்று விசில் ஊதி எதிரணிக்குப் பெனால்டி கொடுத்தீர்கள். கோப்பை போயிற்று. உங்களை நடுவராகப் போடச் சொல்லிக் கால்பந்துச் சங்கத்தில் மன்றாடியதே நான்தான். கூட இருந்தே குழி பறித்துவிட்டீர்களே!

பையனின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் வருவதாக இல்லை.

சின்னராஜ்


குன்னூர்
19.2.1974

மச்சானுக்குப் பாலனின் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. உறையைத் தொட்டபோதே கை சுட்டது.

நடுவர் வேண்டும் என்று கேட்டீர்களா, மாப்பிள்ளை வேண்டும் என்று கேட்டீர்களா? பத்தடி தூரத்தில் நின்றேன். பார்த்ததை ஊதினேன். நீங்கள் தோற்றது எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் அது ஒரு பித்தளைக் கோப்பை, மச்சான். அடுத்த தையில் மறுபடி ஆடப்போகிறீர்கள். உங்கள் கோல்கீப்பர் ஹபீப் முகமது மறுநாளே வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு, "அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எனக்குத் தாங்க முடியாதது வேறு. உங்களைச் சமாதானப்படுத்த உங்கள் தங்கை அங்கே வந்தாளே, குழாயடியில் உங்கள் பக்கத்து வீட்டு ஜானகியம்மாள் கேட்டாராம்: "ஏம்புள்ள பேச்சியம்மா, பீப்பி ஊதறதுக்கு உன்ர ஊட்டுக்காரரு என்ன வாங்குனாரு? தம்பிக்கு வேலையா?" எதிரணி எஸ்டேட்டில் என் தம்பிக்கு வேலை தருவதாகப் பேச்சாம். பக்கத்தில் நின்ற நீங்கள் வாயே திறக்கவில்லையாம். அழுதுகொண்டே வந்தாள். இப்போது அவளே கேட்கிறாள்: "ஏனுங்க, மெய்யாலுமே எங்கண்ணன் கையில பட்டுதுங்களா?"

பட்டதா, மச்சான்? அதை மட்டும் எழுதுங்கள்.

பாலன்


குயில்மட்டம் எஸ்டேட்
27.2.1974

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பட்டது. சரியாகச் சொன்னால், நானேதான் தட்டினேன். விட்டிருந்தால் கோல். கும்பலுக்குள் யாருக்கும் தெரிந்திருக்காது. நீங்கள் பார்த்தாலும் பார்க்காதது போல் இருந்துவிடுவீர்கள் என்று நம்பினேன். அதற்காகத்தான் உங்களை நடுவராகக் கேட்டேனோ என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

ஆனால் எஸ்டேட் ஆட்கள் எல்லாம் குடியிருக்கும் லயத்தில் இதை எந்த முகத்தோடு சொல்வேன்? கேப்டன் என்று பிள்ளைகள் கும்பிடுகிறார்கள். நீங்கள் குன்னூரில் இருப்பவர், இந்தப் பேச்சு நாலு மாதத்தில் தானே அடங்கிவிடும். நமக்குள்ளேயே இருக்கட்டும். காதுகுத்துக்குக் கட்டாயம் வருகிறேன். மருமகனுக்குப் புதுத் துணி எடுத்துவிட்டேன்.

சின்னராஜ்


குன்னூர்
5.3.1974

மச்சான்,

ஆட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. உங்கள் கடிதம் எனக்கு இன்னும் முடியவில்லை. என் பேர் நாறியபோது உண்மை தெரிந்த இன்னொரு ஆள் நீங்கள் மட்டும்தான். அதை மூடி வைத்துக்கொண்டு, துரோகம் செய்தவன் என்று எனக்கே எழுதினீர்கள்.

பேச்சியம்மாவிடம் இதைக் காட்டினால் போதும், என் பேர் மீண்டுவிடும். இரண்டு தடவை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் என்றால் அவளுக்குச் சாமி. கொடுக்க மனம் வரவில்லை.

அதனால் உங்கள் கடிதத்தையே இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். வேறு சாட்சி என்னிடம் கிடையாது. காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் மஸ்டரில் அதை வாசித்துவிட்டால், பதினேழாம் தேதி காதுகுத்துக்கு வாருங்கள். பிள்ளையை நானே உங்கள் மடியில் உட்கார வைக்கிறேன். முடியாதென்றால் அடுப்பில் போட்டுவிடுங்கள், வரவும் வேண்டாம். எங்கே என் அண்ணன் என்று அவள் கேட்பாள். தோற்ற கோபம் இன்னும் ஆறவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். அந்த ஒரு பொய்யை மட்டும் உங்களுக்காகச் சொல்கிறேன்.

பாலன்