நன்கொடை மறுத்த தம்பிக்கு

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். உன் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். இது சண்டைக் கடிதம் இல்லை, பயப்படாமல் படி.

உன் அக்கா பல்கலைக்கழகத்தில் நடத்தும் படிப்புக்கு நன்கொடை தர இயலாது என்று உங்கள் கம்பெனியிலிருந்து வந்த பதிலில் உன் கையெழுத்து இருந்தது. அன்றிலிருந்து நீ ஃபோன் செய்யவில்லை. அவள் கோபமாக இருப்பாள் என்று நினைத்திருப்பாய். அவளோ, "அக்காவுக்குத் தூக்கிக் கொடுத்துட்டான்னு நாளைக்கு யாரும் அவனைப் பேசிடக் கூடாதுல்ல? சரியாத்தான் பண்ணியிருக்கான்" என்று என்னிடமே உனக்காக வாதாடினாள். நான்தான் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சு சொல்லித்தரும் ஆசிரியர்களை உருவாக்குகிற படிப்பு அது. வெளியிலிருந்து பணம் வராவிட்டால் இந்த ஆண்டோடு மூடிவிடுவோம் என்று பல்கலைக்கழகம் கைவிரித்தது உனக்குத் தெரியும். அதன்பிறகு அவள் ஏறாத கம்பெனிப் படி இல்லை. தொழில்கள் எல்லாம் படுத்துக் கிடக்கும் நேரம். பல் பிடுங்கிப் பிழைக்கிறவன் நான். இந்தக் காலத்தில் கம்பெனிகளிடம் காசைப் பிடுங்க என் குறடு போதாது.

ஒரு நாற்காலிக் கம்பெனிக்குப் போயிருக்கிறாள். பாதி விளக்கு அணைந்த அலுவலகம். முதலாளி அன்று காலையில்தான் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முகம் செத்து உட்கார்ந்திருந்தாராம். அதைப் பார்த்த இவள், கொண்டுபோன கோப்பைத் திறக்கவே இல்லை. பூட்டிக் கிடக்கும் பயிற்சி அறையை மாலை வகுப்புக்குத் தர முடியுமா என்று மட்டும் கேட்டிருக்கிறாள். போதாதென்று, "வேலை போனவங்கள்ல யாருக்காவது இதைப் படிக்கணும்னு தோணினா அனுப்புங்க, நான் கட்டணம் வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

கேட்கப்போன இடத்தில் கொடுத்துவிட்டு வந்த மகராசி நீ ஒருத்திதான் என்று தலையில் அடித்துக்கொண்டேன். சிரித்தாள். உன் அக்காவை இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அந்த அறையின் சாவி மறுநாளே வந்தது. அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் இவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஓர் அச்சகம், ஒரு மருந்துக் கம்பெனி, ஒரு லாரி கம்பெனி என்று சின்னச் சின்னத் தொகையாக வந்து சேர்ந்தது. படிப்பு தொடரும் என்று நேற்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. அவர் கம்பெனியில் வேலை இழந்த மூன்று பேர் இப்போது மாலை வகுப்பில் மாணவர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்காலியில் வாயைத் திறந்து உட்காரும் நோயாளிகளிடமெல்லாம் சொல்கிறேன். அவர்களால் குறுக்கே பேச முடியாது பார்.

நேற்று செய்தி வந்ததும் அவள் முதலில் ஃபோனை எடுத்தது உன்னைக் கூப்பிடத்தான். எண்ணை அழுத்தப் போனவள் அப்படியே கீழே வைத்துவிட்டாள். "இப்பப் போய்ச் சொன்னா, நீ குடுக்கலன்னாலும் எனக்குக் கிடைச்சிருச்சு பாருன்னு குத்திக்காட்டற மாதிரி ஆயிடும். பாவம், அவன் மனசு கஷ்டப்படும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஊரில் இருக்கிற கம்பெனிகளிடமெல்லாம் கூச்சமில்லாமல் கேட்டவள், உன்னிடம் ஒரு நல்ல செய்தி சொல்லத் தயங்குகிறாள்.

அதனால் நீதான் கூப்பிட வேண்டும். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. மன்னிப்பெல்லாம் கேட்காதே, அதற்கும் அழுவாள். "படிப்பு என்னக்கா ஆச்சு?" என்று மட்டும் கேள். மீதியை அவள் பேசிக்கொள்வாள்.

நீயும் உன் வேலையும் பத்திரமாக இருக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
அத்தான்