பதினான்கு குச்சிகள்

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

கடவுள் கிருபையால் நாங்கள் நலம். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, அது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

தாடை ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. மூன்று வயதில் படியில் விழுந்து பூட்டிக்கொண்ட வாய். நான்கு வருஷமாகப் பல் இடுக்கில் கஞ்சி ஊற்றி வளர்த்த பிள்ளை. ஆபரேஷனுக்குப் பிறகுதான் அவள் நாக்கை முழுசாகப் பார்த்தேன்.

நாக்கை அழுத்திப் பார்க்கும் தட்டைக் குச்சிகளை டாக்டர் ஒரு கட்டு கொடுத்தாரல்லவா? அவற்றை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்துச் செருகி, வாயைத் திறக்கப் பழக்க வேண்டும். தினம் ஐந்து வேளை. வீட்டுக்கு வந்தபோது பதினான்கு குச்சி போயிற்று. எத்தனை போகிறது என்று நோட்டில் எழுதச் சொன்னார். தீப்பெட்டி வாங்கினால்கூடக் குறித்து வைக்கிறவள், எனக்கா அது கஷ்டம்?

வலியில் துடிக்கிறாள். ஒருநாள் பன்னிரண்டாவது குச்சியில் என் கையைத் தட்டிவிட்டு, "நீ கெட்ட அம்மா! அப்பாகிட்ட சொல்றேன் பாரு" என்றாள். அவள் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. சந்தோஷப்படுவதா, அழுவதா என்று புரியாமல் நின்றேன். அன்றைக்கே நீங்களும் போனில், "பிள்ளைய அழ வைக்காதே, இங்க எனக்கு வேலையே ஓடமாட்டேங்குது" என்றீர்கள். உங்கள் அக்கா வந்தவர், "நீ அம்மாவா, போலீஸா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு பதினொன்றோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் நோட்டில் பதினான்கு என்றே எழுதினேன். ஒன்பது நாள். நாளைக்குச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

நேற்று டாக்டர் நோட்டைப் பார்த்து, "பரவாயில்லையே, உங்கள மாதிரி எல்லா அம்மாவும் இருந்தா நான் சீக்கிரம் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றார். பிறகு ஸ்கேலை வைத்து அளந்தார். பதினொரு குச்சி அளவுதான் வந்தது. நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "இப்போ விட்டா எலும்பு திரும்ப ஒட்டிக்கும்மா. மறுபடி கத்தி வைக்க வேண்டியிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

பிரார்த்தனையில் உட்கார்ந்தால் என்ன கேட்பதென்றே தெரியவில்லை. என் மனசு கல்லாக வேண்டும் என்றா? அப்படி யாராவது கேட்பார்களா? அவள் வலியில் அழும்போது நிறுத்துவது பாசமா, நிறுத்தாமல் இருப்பது பாசமா? எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

இன்று காலை பதினொன்று. பதினொன்று என்றே எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும் நேரத்தில் பன்னிரண்டாவதை வைக்கப்போகிறேன். போன் பக்கத்திலேயே இருக்கும். "அம்மா சொல்றபடி செய்டா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவள் கத்துவாள். தயவுசெய்து போனை வைத்துவிடாதீர்கள். முடியும்வரை கூட இருங்கள்.

கடவுள் உங்களைக் காக்கட்டும்.

உங்கள்,
குட்டியின் அம்மா