யாரும் தடுக்காத கடா

கெட்டில் ஓடை, அலாஸ்கா
மார்ச் 4

அன்புள்ள தம்பி ஆர்லனுக்கு,

நலமா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். நவம்பரில் அனுப்பிய புகைபோட்ட சால்மன் மீன் இந்நேரம் தீர்ந்திருக்கும். காலி ஜாடிகள் மட்டும் திரும்பி வரவில்லை. அங்கே என்ன பொருட்காட்சியா நடத்துகிறாய்?

தபால் விமானம் ஓட்டும் பெக் வந்தாள். "வனவிலங்குத் துறையில உன் தம்பிதான் அறிக்கை எழுதறானாம். ஆடு குறைஞ்சுபோச்சுன்னு உங்க மலையில காட்டுச் செம்மறி வேட்டையை அஞ்சு வருஷத்துக்கு மூடப்போறாங்களாம்" என்றாள். அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டே கேட்டதில் கையைச் சுட்டுக்கொண்டேன்.

இருபத்தாறு வருடமாக வேட்டைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு இந்த மலை ஏறுகிறேன். கொம்பு முழுச் சுற்று வராத இளங்கடா ஒன்றைக்கூட என் ஆட்கள் சுட்டதில்லை. குட்டி போடுவது பெட்டை. அதை நாங்கள் தொடுவதே இல்லை. அப்புறம் மந்தை குறைந்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு? தொழில் போனால் போகட்டும். மலையைக் காலி பண்ணியவள் மார்லிஸ் என்று ஊர் காலத்துக்கும் பேசும். அதற்குக் கையெழுத்துப் போடப்போவது என் தம்பி. போடு. தடை வந்தாலும் ஆகஸ்டில் நான் ஏறுவேன். யார் வந்து பிடிக்கிறார்கள், பார்க்கிறேன்.

கோபம் பாதி, பாசம் பாதி,
அக்கா மார்லிஸ்


ஸ்டெல்லர் முனை
மார்ச் 19

அன்புள்ள அக்கா,

ஜாடிகள் பத்திரமாக இருக்கின்றன. கழுவித்தான் வைத்திருக்கிறேன்.

அறிக்கை எழுதுவது நான்தான். முடிவு இன்னும் எழுதவில்லை. உன் மலையில் பாதிக்கு மேல் ஆடு போய்விட்டது. உனக்கே தெரியும், எவ்வளவு என்று மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்க மலையில் வேட்டையே கிடையாது. அங்கேயும் விமானத்தில் பறந்து எண்ணினோம். அதே அளவுதான் குறைந்திருக்கிறது. காரணம் குளிர்கால மழை. பனி மேல் பெய்து கண்ணாடி மாதிரி இறுகிவிட்டது. அடியில் புல் கிடக்க, மேலே நின்று பட்டினியில் செத்திருக்கின்றன. சினைப் பெட்டைகள்தான் அதிகம்.

மேலதிகாரி கர்ட்டிடம் சொன்னேன். "மழைக்குத் தடை போட முடியுமா ஆர்லன்? வேட்டைக்குத்தான் போட முடியும். நாம ஏதோ செஞ்சோம்னு இருக்கணும்ல" என்றார். கெட்டவர் இல்லை, பயந்துபோயிருக்கிறார்.

ஏப்ரலில் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். நான் பேசுகிறேன். நீ கத்தாமல் உட்கார்ந்திரு, போதும். இன்னொன்று: மிச்சமிருக்கும் கடாக்களை ஒருதரம் துப்பாக்கி இல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வா.

உன் அடி வாங்கி வளர்ந்த
ஆர்லன்


கெட்டில் ஓடை
ஏப்ரல் 22

தம்பி,

நான் கத்தவில்லை. ஊரே சாட்சி.

"ஆடு செத்தது மழையால. எங்க அக்கா ஆளுங்க சுட்ட கிழக்கடாவால இல்ல. வேட்டையை மூடினா நமக்கு மனசு ஆறும், ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்று நீ சொன்னபோது பின்வரிசையில் ஒருவன் கேட்டான்: "அக்காவுக்கு வக்கீலா வந்தியா?" நீ அசரவில்லை. "அக்காதான், ஆமா. எண்ணினதும் நான்தான். சந்தேகம்னா நீங்க போய் எண்ணிட்டு வாங்க." கர்ட் முகத்தைப் பார்த்தேன். பாவமாக இருந்தது.

வேட்டை மூடப்படவில்லை. எனக்குப் பெருமை. ஆனால் சாப்பிடாமலே போய்விட்டாய். உனக்காகச் செய்த மூஸ் மான் கறியை நாய் தின்றது. துப்பாக்கி இல்லாமல் போ என்று எனக்கு உத்தரவு போட நீ யார்? துப்பாக்கியோடுதான் போவேன்.

அக்கா


ஸ்டெல்லர் முனை
ஜூன் 10

அக்கா,

ஆடு எண்ணும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது மீன் எண்ணுகிறேன். மீன் விஷயத்தில் எனக்கு அக்கா யாரும் இல்லை, வம்பில்லாத வேலை. வருத்தப்படாதே. திரும்பக் கூப்பிட்டால் திரும்பவும் அதையேதான் சொல்வேன்.

ஆர்லன்


கெட்டில் ஓடை
செப்டம்பர் 14

அன்புள்ள தம்பி,

இந்த வருடம் டெக்சாஸிலிருந்து ராய்ஸ் என்று ஒருவர் வந்தார். நல்ல மனிதர், மூச்சுதான் வாங்கும். புதுப் பனி விழுந்த காலையில் ஒரே ஒரு கடாவைப் பார்த்தோம். கொம்பு முழுச் சுற்று, நுனி தேய்ந்தது. ராய்ஸ் குப்புறப் படுத்துக் குறி வைத்துவிட்டார். கடா பனியை நெஞ்சால் தள்ளிக்கொண்டு முகட்டுக்கு ஏறியது. பின்னால் மூன்று இளங்கடாக்கள், அது போட்ட தடத்திலேயே கால் வைத்து. முகட்டில் காற்று பனியை வாரிக்கொண்டு போய்ப் புல் வெளியே தெரிந்தது. நான்கும் புல் மேய்ந்தன.

"விட்டுடுங்க ராய்ஸ்."

"ஏன், சின்னதா?"

"பெருசுதான். சட்டப்படி சரிதான்."

"அப்புறம் என்ன?"

"எனக்கு மனசு வரல. எழுந்திரிங்க, காபி போடறேன்."

வாய்க்கு வந்தபடி திட்டினார். வாங்கிக்கொண்டேன். அடுத்து வரவிருந்தவர்களுக்கும் வர வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

நான் தோற்றுப்போனதாக நினைத்துக்கொள்ளாதே. கிழக்கடாவைச் சுட்டதால் மந்தை குறையவில்லை என்று நீ சொன்னாய். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது இல்லாமல் அடுத்த மழைக்கு அந்த மூன்றும் எங்கே போய்ப் புல் தேடும்? உன் அறிக்கையில் அது இல்லை. திரும்ப ஆடு எண்ணப் போனால் அதையும் எண்ணு. போக விடமாட்டேன் என்று கர்ட் சொன்னால் நான் வந்து பேசுகிறேன். இந்த முறை கத்துவேன்.

தடை போட்டிருந்தால் திருட்டுத்தனமாகவாவது ஏறிச் சுட்டிருப்பேன். உனக்கு என்னைத் தெரியும். யாரும் தடுக்கவில்லை, அதனால் விட்டேன்.

இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தேதான் அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்றாயா? ஆமாம் என்றால் பதில் எழுதாதே. ஜாடிகளை எடுத்துக்கொண்டு நேரில் வா.

அக்கா