இன்று நான் குடிகாரன்

ராஜபாளையம்
ஆவணி 8, ஞாயிறு இரவு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மீனாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று என் மனைவி செல்வி காலையிலேயே சொல்லியிருந்தாள். கேட்டிருக்கலாம். பெண்ணைப் பெற்றவன் உட்கார்ந்தபடியே உபசரிப்பதா என்று எனக்கு ரோஷம். வெற்றிலைத் தாம்பாளத்தை நானே தூக்கிக்கொண்டு போனேன். நாலாவது அடியில் கால் பின்னிக்கொண்டது. வெற்றிலையும் பழமும் மாப்பிள்ளையின் அப்பா மடியில் கொட்டின. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் நாக்கும் குழறியது.

அவர் வேட்டியை உதறிக்கொண்டே செல்வியைப் பார்த்தார். "என்னம்மா, பகல்லயேவா?"

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாண்ணே, எப்பயாவது குடிப்பாக. கல்யாணத்துக்குள்ள விட வச்சிருதேன்."

நான் பீடிகூடப் பிடித்ததில்லை. ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினேன். குடிகாரன் மகளைக் கட்டுவார்கள். சிறுமூளை சுருங்கி நடையும் பேச்சும் போய்க்கொண்டிருக்கிறவன் மகளை, அந்த நோய் பிள்ளைக்கும் வரலாம் என்று தெரிந்தால் எவன் கட்டுவான்? மதுரை டாக்டர் சொன்னதை மீனாவிடமே நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார். "எங்க வீட்லயும் அப்படி ஒரு ஆளு உண்டும்மா." பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

சாயங்காலம் மீனா கோவிலுக்குக் கிளம்பினாள். செருப்பு மாட்ட ஒரு காலைத் தூக்கியவள், சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லப்பா, சேலை தடுக்குது."

எனக்கும் ஆரம்பத்தில் வேட்டிதான் தடுக்கியது.