கீழே கிடக்கும் ஆள்

பிப்ரவரி 9

டேய் பொடியா,

நாற்பதைத் தொடப்போகிறவனைப் பொடியன் என்கிறாளே என்று முகத்தைத் தூக்காதே. எனக்கு நீ எப்போதும் பொடியன்தான்.

பயிற்சிக்கு நீ கேட்ட துணி ஆளைத் தைத்து லாரியில் ஏற்றிவிட்டேன். கித்தான் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, உள்ளே மணலும் கந்தலும் அடைத்திருக்கிறேன். உன் எடைக்குச் சரியாக இருக்கும். தூக்கிப் பார்த்த உன் மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "உன் தம்பி நெருப்பை அணைக்கக் கத்துக் குடுக்கிறானா, பிணம் தூக்கக் கத்துக் குடுக்கிறானா?" என்று முனகிக்கொண்டே இருக்கிறார். லாரிக்காரரோ, "ஏம்மா, வம்பு எதுவும் வராதே?" என்று கேட்டு, ஒரு முறை தட்டிப் பார்த்த பிறகுதான் ஏற்றினார்.

எண்ணெய்க் கிணறு, கேஸ் கிணறு என்று போனில் மூச்சுவிடாமல் பேசுகிறாய், பாதி புரியவில்லை. எழுது. எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்துக்கொள்வேன். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஆள் பத்திரமாக வந்து சேர்ந்தான். எத்தனை இழுத்தும் ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

இங்கே டவுன் தீயணைப்பு நிலையத்து ஆட்களுக்குத்தான் பயிற்சி. கிணற்றில் ஏதாவது ஆனால் கம்பெனி ஆட்கள் தூரத்திலிருந்து வர வேண்டும். அதுவரை சமாளிக்க வேண்டியவர்கள் இவர்கள். வீடு, கடை எரிந்தால் புலிகள். ஆனால் கிணற்றில் நெருப்பைவிடக் கெட்டது ஒரு வாயு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சற்று நேரத்தில் நாற்றம் நின்றுவிடும். வாயு போயிருக்காது, நம் மூக்குதான் செத்திருக்கும். ஒருவன் விழுவான். அவனைத் தூக்க அடுத்தவன் ஓடுவான், அவனும் விழுவான். கோழை இந்தத் தப்பைச் செய்ய மாட்டான் அக்கா, தைரியசாலிதான் செய்வான். அதனால் முகமூடியை மாட்டி, சிலிண்டரைத் திறந்து, கம்பத்துத் துணி காற்றில் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்த பிறகுதான் போக வேண்டும்.

உன் மூட்டைக்காக ஒருவனும் ஓடவில்லை. எல்லாரும் அழகாக முகமூடி மாட்டினார்கள். மூட்டைக்கு யார் பதறுவார்கள்? நானே கையைத் தூக்கிக்கொண்டு பொத்தென்று விழுந்தேன். அவ்வளவுதான், "சார்!" என்று கத்திக்கொண்டு வெறும் மூஞ்சியோடு ஓடி வந்தார்கள். வந்தவனிடமெல்லாம் "நீ செத்துட்டே, படு" என்றேன். கடைசியில் நிலைய அதிகாரி உட்பட அத்தனை பேரும் வெயிலில் வரிசையாகக் கிடந்தோம். டீ கொண்டுவந்தவர் எங்களைப் பார்த்ததும் தட்டைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார். அன்றைக்கு பாஸானது அவர் ஒருவர்தான்.

அன்புடன்,
பொடியன்


மார்ச் 11

பொடியா,

படித்துச் சிரித்தேன். உன் மாமாவுக்குப் படித்துக் காட்டி இன்னொரு முறையும் சிரித்தேன். அதன் பிறகு சிரிப்பு வரவில்லை. இப்போது தினமும் நீயேதான் விழுகிறாய் என்று போனில் வேறு சொல்கிறாய், இப்படிப் போய்ப் பிணமாகப் படுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. உன் பழைய சட்டை ஒன்றை அனுப்பு. கை, கால், மூஞ்சி எல்லாம் வைத்து வேறு ஆள் தைக்கிறேன். அது படுக்கட்டும். நீ எழுந்து நில்.

உன் அக்கா


நவம்பர் 2

பொடியா,

எங்கே அனுப்புவது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

சட்டை வந்து, ஒரு கை தைத்து முடிப்பதற்குள் நீ விழுந்துவிட்டாய். எல்லாம் முடிந்த பிறகு நிலைய அதிகாரி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அம்மா, வழக்கமா விழுற மாதிரிதான் சார் விழுந்தாரு. நாங்க ஓடலை. முகமூடி மாட்டினோம், சிலிண்டரைத் திறந்தோம், துணி பறக்கிற பக்கம் பாத்தோம். அப்புறம்தான் போனோம். அன்னிக்குத்தான் முதல் தடவையா ஒருத்தர்கூடத் தப்புப் பண்ணலை. பாராட்டுவாருன்னு அவர் முகத்தைப் பாத்தோம்."

"அங்க ஏதுடா வாயு? வெறும் மைதானம்தானேடா!" என்று கத்திவிட்டேன். அவ்வளவு பெரிய அதிகாரி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். விழும்போதே நெஞ்சு நின்றுவிட்டது, ஓடி வந்திருந்தாலும் பயனில்லை என்று டாக்டர் சொன்னார். நான் நம்பவில்லை. தைத்தது பாதியில் நிற்க, அந்த ஆளைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டேன்.

போன வாரம் அந்த அதிகாரி மறுபடி வந்தார். கூட இரண்டு பேர், அண்ணன் தம்பி. இரண்டு பேரும் அந்த நிலையத்துக்காரர்கள், உன்னிடம் படித்தவர்கள். கிணற்றில் குழாய் பிய்ந்து வாயு பரவியதாம். உள்ளே போன அண்ணனின் முகமூடி எதிலோ மாட்டி நழுவ, தம்பியின் கண்முன்னே அவர் சுருண்டு விழுந்திருக்கிறார். வெளியே நின்ற தம்பி ஓடவில்லை. அழுதுகொண்டே முகமூடி வாரை இறுக்கினாராம். அதற்குப் பிறகுதான் உள்ளே போய் அண்ணனை இழுத்து வந்தாராம்.

"வெயில்ல சார் பக்கத்துல செத்துக் கெடந்தேன்மா, அதுதான் ஞாபகம் வந்துச்சு. நானும் விழுந்தா எங்க அம்மாவுக்கு ஒரு பிள்ளைகூட மிஞ்சாது" என்றார்.

அண்ணன் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். குடித்து முடிக்கும்வரை அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது என் தம்பி கொடுத்த மூச்சு என்று மனசு அப்படியே நிமிர்ந்துவிட்டதடா. அன்று வேலைக்குப் போனவர்கள் அத்தனை பேரும் வீடு திரும்பிவிட்டார்கள். தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன். உன் மாமா பால் வாங்கும் இடத்தில்கூட, "பிணமாகாம இருக்கக் கத்துக் குடுத்தான் என் மச்சான்" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார்.

அன்று மாலையே மெஷினில் உட்கார்ந்தேன். ஆளைத் தைத்து முடித்து, உன் சட்டையை மாட்டி, அவர்களுக்கே அனுப்பிவிட்டேன். மூஞ்சி வைக்க மனசு வரவில்லை. சட்டை போதும். அதைப் பார்த்தால் அவர்களுக்கு ஓடத் தோன்றும். ஓடாமல் நின்று பழகட்டும்.

ஒன்றுதான் என்னை விடவில்லை. டாக்டர் சொன்னது சரி என்றால் நீ எதையும் கேட்டிருக்க மாட்டாய். அது சரியாகவே இருக்கட்டும் என்று ஒரு மனசு சொல்கிறது. நீ கேட்டிருக்க வேண்டும் என்று இன்னொரு மனசு அடித்துக்கொள்கிறது. அவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொடுத்தாயே, ஒருவர்கூட ஓடாமல், எல்லாரும் ஒன்றாகச் சிலிண்டரைத் திறந்த அந்தச் சத்தம் உன் காதில் விழுந்ததா, பொடியா?