மற்றும் குடும்பத்தினர்

செப்டம்பர் 9, செவ்வாய்

காலாண்டுத் தேர்வில் பிசிக்ஸ் முடிந்தது. நான் எழுதியது எனக்கே புரியவில்லை, திருத்துகிறவர் பாவம். பள்ளியிலிருந்து நேராக வார்டு முகாமுக்கு வரிசையில் கூட்டிப் போனார்கள். இந்த மாத ரத்தம் கொடுத்தாயிற்று. நர்ஸ் அக்கா அட்டையில் முத்திரை குத்திவிட்டு ஒரு பிஸ்கட் பாக்கெட் தந்தார்.

ரத்தம் பூராவும் சிறுசேரிக்குப் போகிறது. சாஃப்ட்வேர் கம்பெனிகள் இருந்த கண்ணாடிக் கட்டடங்களில்தான் இப்போது அவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கம் அவர்களுக்கு நீளமாக ஒரு பேர் வைத்திருக்கிறது. சேலையூரில் நாங்கள் நைட் ஷிஃப்ட் என்றுதான் சொல்கிறோம். பகலெல்லாம் தூங்கி, ஆறேகால் சைரனுக்கு எழுந்து, வெளியே அகப்பட்டவனைக் குடிக்கிறவர்களுக்கு வேறென்ன பேர் வைப்பது? கேம்ப் ரோட்டில் கார்களுக்கு சன் ஃபிலிம் ஒட்டிக்கொண்டிருந்த அத்தா இப்போது அந்தக் கட்டடங்களுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுகிறார்.

வீட்டுக்குள் அவர்களால் நுழைய முடியாது. வீட்டு ஆட்கள் யாராவது கூப்பிட்டால்தான் முடியும். அது ஒன்றுதான் நமக்கு மிச்சமிருக்கிற பாதுகாப்பு.

ஏழு மணிக்கு ஜெர்சன் வந்தான். பின்பக்கம், துணி துவைக்கிற இடத்தின் கிரில்லுக்கு வெளியே. அடுத்த தெரு தேவானந்தம் சார் பையன், என்னோடு டியூஷன் படித்தவன். போன நவம்பர் மழையில் தாம்பரத்தில் பஸ் நின்றுபோய், சைரனுக்குப் பிறகும் வீடு வந்து சேரவில்லை. வெள்ளத்தில் போய்விட்டான் என்று ஊரே நம்புகிறது. அவன் மூன்றாம் நாள் திரும்பி வந்தான். நைட் ஷிஃப்ட்டாக. சிறுசேரியில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். அவன் அம்மா ஞானஜோதி ஆன்ட்டி ஒப்படைக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் இருக்கிற ஸ்டோர் ரூமில் வைத்திருக்கிறார்.

அந்த வீட்டுக்கு வெளியே இது எனக்கு மட்டும்தான் தெரியும். பேசுகிறோம், அவ்வளவுதான். கிரில்லுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். இது தெரிந்தால் எங்கள் வீட்டில் நாலு பேரையும் சிறுசேரிக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். அவன் மனிதனாகவே இருந்திருந்தாலும், சர்ச்சுக்குப் போகிற பையன் என்று அம்மா என் காலை உடைத்திருப்பார். அது வேறு கதை.

"நான் கெஞ்சினாக்கூட உள்ள கூப்பிடாத" என்று இன்றைக்கும் சொன்னான். தினமும் சொல்கிறான்.

செப்டம்பர் 11, வியாழன்

ஞானஜோதி டீச்சர் தினம் ஆட்டு ரத்தம் வாங்குகிறாராம், ரத்தசோகையாம் — கறிக்கடை ஷாகுல் பாய் சொன்னதாக அத்தா சாப்பிடும்போது சொன்னார். நான் பேச்சை மாற்ற ஊறுகாய் கேட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஷாயிஸ்தா அக்காவுக்கு அக்டோபர் 12 காலை நிக்காஹ். வீட்டில்தான். மண்டபம் பொது இடம், அங்கே யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பதால் இப்போது யாரும் மண்டபம் பிடிப்பதில்லை.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்கிற பாவத்துக்கு நூற்று நாற்பது கவரும் என் தலையில். முன்பெல்லாம் "திரு. இன்னார் மற்றும் குடும்பத்தினர்" என்று எழுதித் தள்ளிவிடலாமாம். இப்போது கூடாது. எந்த வீட்டில் யார் எப்படி ஆகியிருக்கிறார்கள் என்று தெரியாது, ஆகவே ஒவ்வொருவர் பேராக எழுதித்தான் கூப்பிட வேண்டும். அம்மா படிக்கப் படிக்க நான் எழுதினேன். விரல் வீங்கிவிட்டது. மூன்று மணிக்கு அம்மாவும் அத்தாவும் ஒரு பை நிறையப் பத்திரிகையோடு கிளம்பி, சைரனுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஓடி வந்தார்கள். தேவானந்தம் சார் வீட்டில் காபி கொடுத்தார்களாம். அக்காவுக்கு அவர்தான் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், அதனால் முதல் பத்திரிகையே அவர்களுக்குத்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கை உள்ளே வந்தது.

யா அல்லாஹ், எப்படி எழுதுவேன். கிரில் கம்பிக்கு நடுவில் அவன் விரல் எப்போதும் சுவரில் முட்டுகிற மாதிரி நின்றுவிடும். நாங்கள் அதை வைத்து விளையாடக்கூடச் செய்திருக்கிறோம். இன்றைக்குச் சும்மா நீட்டினான். விரல், மணிக்கட்டு, முழங்கை. சோப்பு டப்பாவைத் தட்டிவிட்டான். அது விழுந்த சத்தத்தில்தான் இரண்டு பேருக்கும் புரிந்தது. சூடு பட்டவன் மாதிரி கையை இழுத்துக்கொண்டான்.

"யாரு என்னைக் கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடலடா, சத்தியமா—"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கவர். அம்மா "தேவானந்தம், ஞானஜோதி, பிளஸ்ஸி" என்று படித்தார். பிளஸ்ஸி அவன் தங்கை. மூன்று பேர். நாலாவது பேர் இல்லாமல் அந்தக் கவரை எழுத எனக்குக் கை வரவில்லை. அவன் செத்துவிட்டான் என்று நானே எழுதிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. "தேவானந்தம் மற்றும் குடும்பத்தினர்" என்று எழுதி, அம்மா பார்ப்பதற்குள் கட்டின் அடியில் செருகிவிட்டேன். பாசமாம். மண்ணாங்கட்டி.

அவன் போய்விட்டான். நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அவனுக்கு இனி தாழ்ப்பாள் ஒரு பொருட்டா?

செப்டம்பர் 17, புதன்

ஸ்கூல் புராஜெக்ட் என்று பொய் சொல்லி வார்டு ஆபீஸில் லக்ஷ்மிநாராயணன் சாரைக் கேட்டேன். குடும்ப அட்டை வேலையெல்லாம் அவர்தான் பார்க்கிறார்.

"கவரைத் திரும்ப வாங்கிட்டா சரியாயிடுமா சார்?"

"கூப்பிட்டது கூப்பிட்டதுதாம்மா. ஒரே வழிதான் இருக்கு. பெத்தவங்க கையெழுத்துப் போட்டு அட்டையிலேர்ந்து பேரை எடுத்துடணும். பேர் இல்லன்னா அவன் அந்தக் குடும்பமே கெடையாது. அப்புறம் குடும்பத்தைக் கூப்பிட்டது அவனுக்கு எப்படிச் செல்லும்?"

"அப்ப சொந்த வீட்டுக்குப் போகலாமா?"

"எப்படிம்மா? அந்த வீட்டுக்கும் அவன் யாரோதான அப்ப. பெத்தவங்களே கையெழுத்துப் போட்டு எடுத்த பேரு, திரும்பக் கூப்பிட்டாலும் செல்லாது."

பிறகு கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "எந்த ஸ்கூல்மா நீ?"

கேம்ப் ரோடு வரைக்கும் ஓடினேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

வராதே என்று சொல்லியும் வந்தான். கிரில்லிலிருந்து பத்தடி தள்ளி, முருங்கை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் வரணும்னு வரல. கால் தானா வருது" என்றான். "முன்னாடி உள்ள வர முடியாதுன்னு தெரியும். அந்த தைரியத்துலதான் பசியை அடக்கினேன். இப்ப வழி இருக்குன்னு உடம்புக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆட்டு ரத்தம் வாயில வைக்க முடியல. உங்க அக்கா நெஞ்சு அடிக்கிறது இங்கேர்ந்தே கேக்குது."

"எங்க அக்காவா?"

"உங்க அத்தாவோடது மெதுவா அடிக்கும். உன்னோடது கேக்காம இருக்க காதைப் பொத்திக்கறேன்."

இந்தப் பையனுடைய கையெழுத்தைத்தான் ஒரு காலத்தில் கோழி கிளறின மாதிரி என்று கிண்டல் செய்தேன். இந்தப் பையனைத்தான் எனக்குப் பிடிக்கும். இன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

லக்ஷ்மிநாராயணன் சார் சொன்னதைச் சொன்னேன்.

"அம்மாகிட்ட நீ சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

செப்டம்பர் 22, திங்கள்

ஸ்கூல் விட்டு யூனிஃபார்மோடு ஞானஜோதி ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். சார் ஹோம் டியூஷனுக்குப் போயிருந்தார். எங்கள் கல்யாணப் பத்திரிகை டிவி பக்கத்தில் பைபிளின்மேல் இருந்தது. என் கையெழுத்து வாசலிலிருந்தே தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். கிரில், ஏழு மணி, கவர், அட்டை. எனக்கு அவனைப் பிடிக்கும் என்பதைக்கூடச் சொல்லிவிட்டேன். அது இல்லாமல் மற்றது எதுவும் விளங்காது.

ஆன்ட்டி ஆப்பிளை நறுக்கிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் கத்தியை வைத்தார்.

"பத்து மாசமா அவன் ஒருத்தரையும் தொடல. தெரியுமா? நான் ஜெபம் பண்ணி வச்சிருக்கேன் அவனை."

"ஆன்ட்டி, எங்க அக்காவுக்குக் கல்யாணம்..."

"என் புள்ள பேரை நானே அடிக்கணுமா? அடிச்சிட்டு, விடியறப்ப அவன் கேட்டுக்கு வெளிய நின்னு அம்மான்னா நான் ஜன்னலைச் சாத்திக்கணுமா? உங்க வூட்டுத் தப்புக்கு?"

அவர் வீடு என்பதை வூடு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஸ்கூலில் உச்சரிப்புக்கு மார்க் போடுகிறவர். மாடிப்படிக்கு அடியில் இருந்த கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்



ஏழே கால் இருக்கும். அம்மாவும் அத்தாவும் மேலே தொழுகையில். அக்கா ஹாலில் காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு கட்டிக்கப்போகிற சுஃபியான் மச்சானோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். குளித்த தலையை முன்பக்கம் போட்டு, கழுத்து தெரிய உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பினால் —

அவன் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். எங்க ஹால்ல. எங்க சோஃபாவுக்குப் பின்னாடி. கதவு திறந்த சத்தமே இல்ல.

கண் அவனுடையதாக இல்லை. ஜெர்சன் என்றேன். குனிந்தான். நான் ஓடிப்போய் என் கையை அவன் வாய்க்கும் அக்கா கழுத்துக்கும் நடுவில் நீட்டினேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை. அவன் மூச்சு என் தோலில் பட்டது, ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி. அப்புறம் என்னைத் தெரிந்துகொண்டான். அது அவன் முகத்தில் வந்ததைப் பார்த்தேன். தன் மணிக்கட்டைத் தானே எலும்பு வரைக்கும் கடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

அக்கா திரும்பியபோது நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.

"என்னடி, பேய் மாதிரி நிக்கற? சட்டைல என்ன கறை?"

பீட்ரூட் என்றேன்.

செப்டம்பர் 25, வியாழன்

ஸ்கூல் கேட்டில் ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தார். கண் ரெண்டும் வீங்கியிருந்தது. பையில் விண்ணப்பப் படிவம். அவன் கிழிந்த கையோடு போய், நடந்ததை அவரிடம் சொல்லியிருக்கிறான். "பேரை எடும்மா, இல்லன்னா வெயில்ல போய் நின்னுடுவேன்" என்றானாம்.

வார்டு ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்தோம். பேனாவைத் திறந்தார். மூன்று முறை முயன்றுவிட்டுப் படிவத்தை என் மடியில் வைத்தார்.

"நீ எழுது. கவரை எழுதின கைதான."

எழுதினேன். நீக்க வேண்டிய பெயர்: தே. ஜெர்சன். வயது: 17. காரணம் என்ற இடத்தில் இறப்பு, மாற்றம் என்று இரண்டு கட்டம். மாற்றம் என்று போட்டால் பத்து மாதமாக எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்பார்கள். இறப்பு என்பதில் டிக் போட்டேன். ஆன்ட்டி புராக்ரஸ் ரிப்போர்ட்டில் போடுகிற அதே கையெழுத்தைப் போட்டார். லக்ஷ்மிநாராயணன் சார் என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் சீல் வைத்தார். நாளை மாலை ஆறரை மணியோடு நீங்கிவிடுமாம்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஏழு மணிக்கு வந்தான். கையை நீட்டினான். கம்பிக்கு நடுவில் நின்றுவிட்டது. சிரித்தான். எவ்வளவு நாளாயிற்று அவன் சிரித்து.

"இப்ப பயப்படாம நில்லு" என்றான்.

"வீட்டுக்குப் போனியா?"

"கேட் வரைக்கும். அம்மா ஜன்னல்ல நின்னாங்க. பிளஸ்ஸி லைட்டை அணைச்சிட்டா."

சிறுசேரிக்குத்தான் போக வேண்டும், விடிவதற்குள் கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே போயாக வேண்டும் என்றான். அங்கே போனவர்கள் யாரும் பசியை அடக்கி வைத்துக்கொள்வதில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். இதுவரைக்கும் ஒருவரையும் தொடாதவன். நாளைக்கு?

எனக்கு உன்னைப் பிடிக்கும் என்று சொன்னேன். கடைசியில் நான்தான் சொன்னேன். தெரியும், அன்னிக்குக் கதவுக்குப் பின்னாலேர்ந்து கேட்டேன் என்றான்.

போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. போறேன் என்றான். நான் திருத்தவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

இன்று சைரன் அடித்தபோது பயமே வரவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பிரியாணி கொஞ்சம் உப்பு, யாரும் வாய் திறக்கவில்லை. அக்கா மூன்று மணிக்கே கிளம்பிவிட்டாள். மச்சான் வீடு மாடம்பாக்கம், சைரனுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு, "ஒரு மாசமா ஏன்டி என்னையே காவல் காத்த? உனக்கு அவ்ளோ பாசமா?" என்று கேட்டு அழுதாள். ஆமாம் என்றேன். பாதி உண்மைதான்.

காலையில் அம்மா வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் பேரீச்சம்பழத் தட்டோடு. ஒன்பதரைக்கு தேவானந்தம் சார் வந்தார், வெள்ளைச் சட்டையில். பிளஸ்ஸி வந்தாள். பின்னால் ஞானஜோதி ஆன்ட்டி, ஊதாப் பட்டுப்புடவை, தலையில் மல்லி. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பாவம், எல்லாரிடமும் கேட்டதையே அவர்களிடமும் கேட்டார்.

"எல்லாரும் வந்தாச்சா டீச்சர்?"

ஆன்ட்டி ஒரு தரம் தெருவைத் திரும்பிப் பார்த்தார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"வந்தாச்சு ஜஹானாரா" என்றார். "எல்லாரும் வந்தாச்சு."

நான் தட்டை நீட்டினேன். ஆன்ட்டி ஒரு பழம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை.